கொத்துக்குறி (ஹேஷ்டேக்): சொல் விளக்கம்

# என்ற குறியும், இடைவெளி விடாமல் அதை ஒட்டி வரும் சொல்லும் சேர்ந்தது கொத்துக்குறி. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், எக்ஸ், யூடியூப் எதிலும் அதைத் தொட்டால், அதே சொல்லைப் போட்ட மற்றவர்களின் பொதுப் பதிவுகள் திரண்டு வரும். பேச்சில் ஹேஷ்டேக், ஹாஷ்டேக். கடைக்காரர்கள் பலர் இதை விளம்பரப் பலகையாக மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால் வாங்க வருகிறவர் என்ன கேட்கிறார், எதற்குத் தயங்குகிறார் என்று காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ள, சிறு வியாபாரிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

# பழைய குறி. எடையைக் குறிக்கும் 'லிப்ரா' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கத்தின் மேல் குறுக்குக்கோடு போட்டு, அதை வேகமாக எழுதி எழுதி வந்த வடிவம் என்பது பரவலான விளக்கம். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறுவதைச் சொல்லும் 'ஹேட்ச்' என்பதே 'ஹேஷ்' எனத் திரிந்தது என்பார்கள். 'டேக்' என்பது முதலில் துணியில் தொங்கும் சிறு துண்டு. பிறகு விலைச்சீட்டு, பெட்டியில் கட்டும் பெயர்ச்சீட்டு. 1988-ல் தொடங்கிய ஐ.ஆர்.சி. என்ற இணைய அரட்டையில் அறைப் பெயர்களுக்கு முன்னால் # இருந்தது. அதைப் பார்த்துத்தான் 2007 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்க மென்பொருள் வடிவமைப்பாளர் கிறிஸ் மெசினா, குழுக்களைக் குறிக்க # போடலாமா என்று ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) கேட்டார். சில நாட்களில் ஸ்டோவ் பாய்ட் என்ற வலைப்பதிவர் அதற்கு 'ஹேஷ் டேக்' என்று பெயர் சூட்டி எழுதினார். அந்த அக்டோபரில் அமெரிக்காவின் சான் டியேகோ காட்டுத்தீச் செய்திகளை மக்கள் இப்படித் திரட்டியபோதுதான் அதன் பயன் புரிந்தது. 2009-ல் ட்விட்டர் அதைத் தொட்டால் திறக்கும் இணைப்பாக்கியது. 2011-ல் இன்ஸ்டாகிராமும் 2013-ல் ஃபேஸ்புக்கும் சேர்ந்துகொண்டன.

தமிழில் 'குறிச்சொல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது வலைப்பதிவுக் காலத்திலேயே வெறும் 'டேக்'குக்கு வழங்கிய சொல். அங்கே # இல்லை. அதை அதற்கே விட்டுவிடலாம். சாவிக்கொத்து, பூங்கொத்து என்னும்போது வரும் 'கொத்து', சிதறிக் கிடப்பதை ஒன்றாகப் பிடிப்பதைச் சொல்கிறது. இந்தக் குறியின் வேலையே அதுதான் என்பதால் கொத்துக்குறி பொருந்துகிறது. இன்னொரு குழப்பமும் தீர வேண்டும்: "என்னை டேக் பண்ணுங்க" என்று கேட்பவர் தன் கணக்குப் பெயரை @ போட்டு இணைக்கச் சொல்கிறார். அது ஆளைக் கூப்பிடுவது. கொத்துக்குறி பொருளைக் கூப்பிடுவது.

இனி, பதிவு போடுவதற்கு முன் செய்ய வேண்டியது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கருப்புக் கவுனி அரிசி விற்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். #கருப்புக்கவுனி என்ற குறியைத் திறந்து, அண்மைப் பதிவுகளில் ஐம்பதின் கருத்துகளை மட்டும் படிக்க வேண்டும். விருப்ப எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். விலை, கூரியர், சமைக்கும் முறை, சந்தேகம் என்று நோட்டில் நான்கு பத்தி போட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு. "எவ்வளவு நேரம் ஊறவைக்கணும்?" என்பது கட்டாயம் வரும். "ஊறவெச்ச தண்ணி கருநீலமா மாறுது, சாயம் ஏத்திய அரிசியா?" என்பதும் வரும். அந்த நிறம் தவிட்டில் இயல்பாக உள்ள ஆந்தோசயனின் நிறமி, தண்ணீரில் கரையும். இதைப் பையின் மேலும் பதிவின் முதல் வரியிலும் எழுதி, இரவே ஊறவைக்கவும் சொல்லிவிட்டால், வாங்கியவர் பதறிப் போன் செய்ய மாட்டார். நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கு இதே வேலையைச் செய்தால் கேள்விகள் வேறு: எத்தனை அடி, எடை எவ்வளவு கிலோ, தண்டைக் கழற்றிப் பெட்டியில் வைக்கலாமா. படத்தோடு இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத பதிவு பாதிப் பதிவு.

தமிழில் இந்தத் தேடல் தடுக்குவது பெரும்பாலும் எழுத்தில்தான். கவுனி, கவுணி, கௌனி மூன்றும் மூன்று தனித்தனிக் கொத்துகள். ஆங்கில எழுத்தில் தட்டுவதிலும் இப்படிப் பல. எல்லாவற்றையும் திறந்து பார்த்து, ஆட்கள் நடமாடும் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேற்றுமை உருபு ஒட்டினால் குறி மாறிவிடும்: #கும்பகோணத்தில் என்பது #கும்பகோணம் கொத்தில் சேராது. அதனால் குறியை வாக்கியத்துக்குள் செருகாமல் கடைசியில் தனியே வைப்பது நல்லது. #தஞ்சாவூர் ஓவியம் என்று இடைவெளி விட்டால் 'தஞ்சாவூர்' மட்டும்தான் இணைப்பாகும்; சேர்த்து எழுத வேண்டும், அல்லது நடுவில் அடிக்கோடு இட வேண்டும். #திருபுவனம்பட்டு, #திருபுவனப்பட்டு இரண்டும் புழங்கலாம். புணர்ச்சி இலக்கணம் மென்பொருளுக்குத் தெரியாது; அதற்கு இரண்டும் வேறு வேறு. அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். கைபேசியிலும் இணையத்திலும் ஓடும் யூனிகோடு எழுத்தில் திரும்பத் தட்ட வேண்டும். படத்துக்குள் எழுதிய # இணைப்பாகாது.

ஊர்ப் பெயரில் கூடுதல் கவனம் வேண்டும். பட்டுக்குப் பேர்போன திருபுவனம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருப்புவனம் சிவகங்கை மாவட்டத்தில், கீழடிக்கு அருகில். ஒரு 'ப்' கூடினால் சேலைக்குப் பதில் அகழாய்வுச் செய்தி வரும். ஊர்ப் பெயரை மட்டும் போடாமல் பொருளையும் சேர்த்தால் இந்தக் கலப்பு குறையும். திருவையாற்றில் அசோகா அல்வா விற்பவருக்கும் இதே யோசனைதான்: தியாகராஜர் ஆராதனை நாட்களில் #திருவையாறு முழுக்கக் கச்சேரிக் காணொளிகளாகிவிடும், #அசோகாஅல்வா அப்படியே இருக்கும். அந்த நாட்களில் ஊருக்கு வருகிறவர்களைப் பிடிக்க நினைத்தால் மட்டும் இரண்டையும் போடலாம்.

ஒரு பதிவுக்கு மூன்று முதல் ஐந்து போதும்: பொருளுக்கு ஒன்று, ஊரோடு சேர்ந்த பொருளுக்கு ஒன்று, வாங்கும் தருணத்துக்கு ஒன்று (#கல்யாணச்சீர் போல). எல்லாரும் போடும் பெரிய குறியில் புதுப் பதிவு கொஞ்ச நேரத்தில் கீழே போய்விடும். பூட்டிய கணக்கிலிருந்து போட்டால் பொதுத் தேடலில் வராது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் # போடுவதால் புதிய ஆள் யாரும் வர மாட்டார். அங்கே இருப்பது ஏற்கெனவே எண் வைத்திருப்பவர்கள் மட்டுமே.

புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊரின் பொருளுக்கு மட்டுமே உரிய பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு, பெற்ற பெயர்களில் கைவைக்கக் கூடாது. திருபுவனம் பட்டுச்சேலை 2019-ல் அதைப் பெற்றது. தஞ்சாவூர் ஓவியம், சுவாமிமலை வெண்கலச் சிலை, நாச்சியார்கோயில் விளக்கு ஆகியவற்றுக்கும் உண்டு. வேறெங்கோ விசைத்தறியில் ஓட்டிய சேலைக்கு அந்தப் பெயரைக் கொத்துக்குறியாக இட்டு விற்பது, 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி வழக்குக்கு இடம் தரும். தறிக்குழியில் கால் வைத்து நெய்கிறவரின் கூலியிலும் கைவைக்கும். அப்படிப்பட்ட சேலைக்கு #பட்டுச்சேலை என்று மட்டும் போட்டு, நெய்த ஊரை உள்ளபடி எழுத வேண்டும்.