கலைஞர் கிளம்பிய பிறகு

1971-இல் லண்டன் டேட் கலைக்கூடத்தில் சிற்பி ராபர்ட் மோரிஸ் ஒரு கண்காட்சி அமைத்தார். பார்வையாளர்கள் ஏறி நடக்கவும் உருட்டித் தள்ளவும் மரப்பலகைகள், உருளைகள். வந்தவர்கள் அவர் எதிர்பார்த்ததைவிட உற்சாகமாக ஏறிக் குதித்தார்கள். சிலருக்குக் காயம்பட, சில நாட்களிலேயே அது மூடப்பட்டது. 2009-இல் அதே படைப்பை மறுபடி அமைத்தபோது பொருட்களை மாற்றிப் பாதுகாப்பாகச் செய்தார்கள்.

தொட்டால் ஒளிரும், நெருங்கினால் இசைக்கும் இன்றைய படைப்புகளும், அமைத்த கலைஞர் கிளம்பிய பிறகு, இப்படித்தான் அடிபடுகின்றன. பொத்தானை அழுத்திப் பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வராவிட்டால், மனிதக் கை அதை இன்னும் பலமாக அழுத்துகிறது. பொத்தான் உடைவதற்கு மென்பொருளின் தாமதமே காரணமாகிவிடும்.

தொடு உணரிகள் விஷயம் இன்னும் நுட்பமானது. மின்னேற்றம் பெற்ற ஓர் உலோகத் தகட்டை விரல் நெருங்கும்போது அதன் மின்தேக்குத்திறன், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் திறன், மிகச் சிறிதளவு கூடுகிறது. 'யாரும் தொடாத நிலை' என்று முன்பே குறித்து வைத்த அளவோடு ஒப்பிட்டுத்தான் கருவி தொடுதலை அறிகிறது. ஈரப்பதமும் வெப்பமும் மாறினால் அந்த அடிப்படை அளவே நகரும் என்பதால், மென்பொருள் அதை மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டே இருக்கும். இப்போது ஒருவர் தகட்டின் மேல் சாய்ந்தபடி நெடுநேரம் பேசுகிறார் என்று வையுங்கள். அவர் உடலையே இயல்பு நிலை என்று கருவி பழகிக்கொள்கிறது. அவர் விலகிய பின் அடுத்தவர் தொட்டாலும் அது கண்டுகொள்ளாது. அடிப்படை அளவு எவ்வளவு தூரம் நகரலாம் என்று ஒரு வரம்பு கட்டுவதும், அறை காலியாக இருக்கும்போது மட்டும் திருத்துவதும் நல்ல வழிகள்.

காலமும் ஒரு பகை. பல சிறு கட்டுப்பாட்டுச் சில்லுகள் நேரத்தை மில்லிநொடிகளாக 32 பிட்டுகளில் (0, 1 என்ற இரும இலக்கங்களில்) எண்ணுகின்றன. 4,294,967,295-ஐ எட்டியதும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். அதற்கு ஏறத்தாழ 49.7 நாட்கள். 'இந்த நேரம் வந்ததும் விளக்கை அணை' என்று எழுதிய நிரல் அந்தக் கணத்தில் தவறிவிட்டால், விளக்கு இன்னொரு 49 நாட்கள் எரியும். 'தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று' என்று கழித்துப் பார்க்கும்படி எழுதினால் இந்தச் சிக்கல் எழாது. தன் பட்டறையில் ஐம்பது நாள் விடாமல் ஓட்டிப் பார்க்க எந்தக் கலைஞருக்கு அவகாசம் இருக்கிறது? தினமும் மின்சாரத்தை அணைத்துப் போடுவது கைவைத்தியம். ஆனால் நினைவக அட்டையில் எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்புகள் சிதையும். ஆகவே அட்டையைப் படிக்க மட்டும் திறந்துவைப்பது நல்லது.

உறைந்துபோன நிரலை எழுப்ப 'வாட்ச்டாக் டைமர்' இருக்கிறது. நிரல் அவ்வப்போது அதற்கு 'நான் நலம்' என்று சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் அது சில்லை மறுதொடக்கம் செய்துவிடும். அந்தச் செய்தியைத் தனியே ஓடும் கடிகாரப் பணியிடம் ஒப்படைப்பது பெரிய தவறு. முக்கிய நிரல் செத்துக் கிடந்தாலும் நலச் செய்தி தவறாமல் போய்க்கொண்டிருக்கும். உணரியைப் படித்து, விளக்கை இயக்கி, ஒரு சுற்று முழுதாக முடிந்த பிறகே அதை அனுப்ப வேண்டும். மறுதொடக்கம் ஆனதும், யாரிடமும் எதுவும் கேட்காமல், அடுத்த பார்வையாளருக்காகக் காத்திருக்கும் நிலைக்கு நேராக வந்து நிற்க வேண்டும்.