தாவர ஆர்.என்.ஏ.வின் மெத்தில் குறிகள்: மொத்த அளவை மட்டும் நம்பலாமா?

மரபணுவின் செய்தியைப் புரதம் உருவாகும் இடத்துக்குக் கொண்டுசெல்லும் தூது ஆர்.என்.ஏ.வில், அடினோசின் என்னும் அடிப்படை அலகுகள் சிலவற்றின் ஆறாம் நைட்ரஜனில் நொதிகள் ஒரு மெத்தில் தொகுதியை ஏற்றுகின்றன. எம்6ஏ எனப்படும் இந்தக் குறி, தாவரங்களில் பெரும்பாலும் புரதக் குறியீடு முடியும் இடத்தை ஒட்டியும் அதற்கடுத்த பகுதியிலும் செறிந்திருக்கும்.

இதன்றித் தாவரம் உருவாவதே இல்லை. குறியிடும் எம்டிஏ நொதியை முற்றிலும் இழந்த அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் மாதிரியாகப் பயன்படும் சிறு செடி) கரு, உருண்டை நிலையிலேயே நின்றுவிடுவதை 2008-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. குறியை அகற்றும் ஏஎல்கேபிஎச்10பி நொதி இல்லாத செடியோ தாமதமாகப் பூக்கிறது. பூப்பைத் தூண்டும் எஃப்டி, எஸ்பிஎல்3, எஸ்பிஎல்9 ஆகிய மரபணுக்களின் ஆர்.என்.ஏ.க்கள் குறி நீங்காத நிலையில் விரைவாகச் சிதைந்துவிடுகின்றன. இலைமயிரில் நிலைமை நேர்மாறானது. இசிடி2 என்னும் புரதம் குறியைப் பற்றிக்கொண்டு, இலைமயிரின் வடிவத்தை வகுக்கும் ஆர்.என்.ஏ.க்களைச் சிதையாமல் காக்கிறது. அப்புரதம் இல்லாத செடியின் இலையை உருப்பெருக்கியில் பார்த்தால், வழக்கமாக மூன்று கிளைகளோடு நிற்கும் மயிர்களில் பல நான்கு அல்லது ஐந்து கிளைகளோடு நிற்கும்.

ஒரே குறி ஓரிடத்தில் ஆர்.என்.ஏ.வின் ஆயுளைக் குறைக்கிறது, இன்னோரிடத்தில் கூட்டுகிறது. ஆகவே, "வறட்சியில் எம்6ஏ கூடியது, எனவே செடி தாங்கிக்கொண்டது" என்னும் முடிவை ஆய்வேடுகளில் காணும்போதெல்லாம் எனக்குக் கவலை ஏற்படுகிறது. பல வேளைகளில் அந்த அளவீடே மொத்த ஆர்.என்.ஏ.வில் குறியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் கொண்டு செய்யப்பட்டதாக இருக்கும். செல்லின் ஆர்.என்.ஏ.வில் பெரும்பகுதி, புரதத்தை உருவாக்கும் ரைபோசோமுக்கு உரியது. அதிலும் எம்6ஏ உண்டு. அதைப் பிரித்து அகற்றாமல் அளந்தால், தூது ஆர்.என்.ஏ.வில் நேர்ந்த மாற்றம் அதற்குள் மறைந்துபோகும்.

2021-இல், குறியை அகற்றும் மனித எஃப்டிஓ நொதியைப் பெற்ற நெல்லும் உருளைக்கிழங்கும் வயலில் சுமார் 50 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தந்ததாக வெளிவந்த ஆய்வு பெரும் நம்பிக்கையை ஊட்டியது. ஊக்கம் தரும் முடிவுதான். ஆனால் அந்நொதி பல ஆர்.என்.ஏ.க்களிலிருந்து குறியை நீக்குவதால், எந்தக் குறியின் நீக்கம் விளைச்சலைக் கூட்டியது என்பதை விளைச்சல் கணக்கு மட்டும் சொல்லிவிடாது.

இத்துறைக்குள் வரும் மாணவர்களிடம் நான் வலியுறுத்துவது இதுதான்: பாலி-ஏ தேர்வை (தூது ஆர்.என்.ஏ.வை அதன் அடினோசின் வாலைக் கொண்டு பிரித்தெடுப்பதை) இருமுறை செய்து, மூலக்கூறுகளை நிறையால் இனங்காணும் நிறைமாலையியல் கொண்டு அளவை உறுதிசெய்யுங்கள். பிறகு எந்த ஆர்.என்.ஏ.வில், எந்த இடத்தில் குறி மாறியது என்று தேடுங்கள். நொதியை இழந்த செடிக்கு இயல்பான நொதியையும், வினைத்திறன் மட்டும் அழிக்கப்பட்ட அதே நொதியையும் தனித்தனியே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். முன்னது குறையைத் தீர்த்து, பின்னது தீர்க்காதபோதுதான் அந்தக் குறை மெத்திலேற்றத்தால் வந்தது என எழுத இடமுண்டு.