வீட்டு முன்னால் என்ன மரம் வைக்கலாம்? பூவுக்கு முன்னால் வேரைப் பாருங்கள்

நர்சரியில் மரக்கன்று வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது என்ன கலர்ல பூக்கும்?" பூ இருப்பது வருஷத்தில் சில வாரங்கள்தான். மீதி நாளெல்லாம் நாம் அந்த மரத்தின் வேரோடும் கிளையோடும் நிழலோடும்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.

மரம் மேலே எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்துக்குக் கீழே வேர் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பெரும்பாலான மரங்களில் வேரின் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறக்குறைய 2 அடிக்குள்ளேயே கிடக்கிறது. வேரும் சுவாசிக்கிறது; ஆழம் போகப்போக மண்ணில் ஆக்சிஜன் குறைந்துவிடுவதால் அது கீழே இறங்காமல் பக்கவாட்டில் ஓடுகிறது, கிளைகள் படர்ந்திருக்கும் எல்லையைத் தாண்டியும் வெகுதூரம் போகும். சிமென்ட் நடைபாதையை மரம் தூக்கிவிடுவது இப்படித்தான்.

ஆனால் குழாய் விஷயத்தில் வேர்மேல் பழி கொஞ்சம் அதிகம். பழுதில்லாத குழாயை வேர் உடைத்துக்கொண்டு நுழைவது அரிது. ஏற்கெனவே விரிசல் விட்டுக் கசிகிற இடத்தில் ஈரத்துக்காக மெல்லிய வேர்கள் பெருகும், அப்புறம் உள்ளே புகுந்து தடிக்கும். களிமண் நிலம் என்றால் கவலை வேறு. பெரிய மரம் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச மண் சுருங்கும், ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால் அஸ்திவாரம் சீரில்லாமல் இறங்கி சுவரில் விரிசல் விழும்.

அதனால் கன்றின் இன்றைய உயரத்தை மறந்துவிட்டு, முழுதாக வளர்ந்தால் எவ்வளவு அகலம் வரும் என்று கேளுங்கள். குல்மோகர் பூத்து நிற்கும்போது அழகில் அதை மிஞ்ச ஆளில்லை, சரி. ஆனால் குடை மாதிரி அகலமாகப் படரும், வேர் மேலாக ஓடும், பலத்த காற்றில் கிளை முறியும். சின்ன முற்றத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன். பொதுவாகவே சீக்கிரம் வளர்கிற மரங்களின் கட்டை அடர்த்தி குறைந்தது, அவசர வளர்ச்சிக்கு மரம் கொடுக்கிற விலை அது. மகிழம் மெதுவாகத்தான் வளரும், ஆனால் கட்டை உறுதி, வருஷம் முழுக்க இலை இருக்கும். இடம் ரொம்பக் குறைவு என்றால் மந்தாரை, பவழமல்லி போதும். பவழமல்லி ராத்திரியில் பூப்பதும் மணப்பதும் அந்துப்பூச்சிகளுக்காக. ப்ளூமேரியாவோ (ஈழத்தலரி) இன்னும் தந்திரக்காரி: பூவில் தேனே கிடையாது, வாசனையை மட்டும் காட்டிப் பூச்சிகளை ஏமாற்றி மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும்.

நிழலுக்காக வைக்கிறீர்கள் என்றால் வீட்டின் மேற்குப் பக்கம் பார்த்து வையுங்கள். உச்சி வெயில் கூரையில் விழும், சின்ன மரத்தால் அதைத் தடுக்க முடியாது. சாயங்கால வெயில் சாய்வாக வந்து மேற்குச் சுவரைத் தாக்கும், அதுவும் காற்று ஏற்கெனவே சூடாகிவிட்ட நேரத்தில். அதை மறிக்க ஒரு நடுத்தர மரமே போதும். கூடவே இலைகள் வழியாக ஆவியாகும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

கன்றைத் தேர்ந்தெடுக்கும்போது தண்டு இரண்டாகப் பிரிகிற இடத்தைப் பாருங்கள். குறுகலான V வடிவத்தில் பிரிந்திருந்தால் நடுவில் பட்டை மாட்டிக்கொண்டு கட்டை ஒட்டாமல் போயிருக்கும், பெரிதானபின் பிளப்பது அங்கேதான். உயரமான கன்று என்று ஆசைப்பட்டும் ஏமாறவேண்டாம். பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், மண்ணில் வைத்தபிறகும் அதே போக்கில் தடித்துப் பல வருஷம் கழித்து அடித்தண்டையே நெரிக்கும். சுற்றிய வேரை நடும்போதே வெட்டிவிடலாம், மரம் தாங்கும். தண்டு விரிந்து வேராக மாறுகிற அந்த அகன்ற பகுதி மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். ஆழமாகப் புதைத்தால் பட்டை ஈரத்தில் அழுகும், வேருக்கும் காற்று கிடைக்காது.