எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை: யாருக்கு, எப்போது?

"டாக்டர், இப்போ டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடுமா?" எச்.ஐ.வி. பயத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் கேட்பது வேறு: "எப்போ நடந்தது?" யாரோடு, ஏன் என்பதெல்லாம் அப்புறம். ஆணுறை கிழிந்திருக்கலாம், பிறருக்குப் போட்ட ஊசி குத்தியிருக்கலாம், பாலியல் வன்முறை நடந்திருக்கலாம். 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் தொற்றைத் தடுக்க மருந்து இருக்கிறது. அதைத்தான் 'பெப்' என்கிறோம்.

பொதுவாக டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றையும் சேர்த்து 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். 72 மணி என்பது கடைசி எல்லை. அதுவரை பொறுக்கலாம் என்று அர்த்தமில்லை, முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவதுதான் நல்லது. உள்ளே வந்த வைரஸ் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவி நிலைகொண்டுவிட்டால், இன்று இருக்கும் எந்த மாத்திரையும் அதை முழுதாக வெளியேற்றாது. மறுநாளே எடுக்கும் டெஸ்ட், ஏற்கெனவே தொற்று இருந்ததா என்று காட்டுமே தவிர, நேற்று நடந்ததைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆனாலும் பலர் வெட்கத்திலும் கூகுளிலும் இரண்டு நாளைக் கழித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இதே மாத்திரைக்காகத் திரும்பத் திரும்ப வருகிறவர்களும் உண்டு. அவர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது 'ப்ரெப்', அதாவது முன்கூட்டியே எடுக்கும் மருந்து. டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபினும் சேர்ந்த ஒரே மாத்திரை. அமெரிக்கா 2012-இல் இதற்கு ஒப்புதல் தந்தது. தினமும் ஒழுங்காக எடுத்தால் உடலுறவு வழியாகத் தொற்றும் ஆபத்து சுமார் 99 சதவீதம் குறைகிறது. நாலு நாள் எடுத்து மூன்று நாள் மறந்தால் இந்தக் கணக்கு செல்லாது. முழுப் பாதுகாப்பு வர, ஆசனவாய் வழி உறவுக்குச் சுமார் 7 நாளும் பெண்ணுறுப்பு வழி உறவுக்குச் சுமார் 21 நாளும் தினமும் எடுத்திருக்க வேண்டும். உறவுக்கு முன்னும் பின்னும் மட்டும் எடுக்கும் முறையும் இருக்கிறது. அது ஆண்களுக்குத்தான், பெண்கள் அதை நம்பக் கூடாது.

எனக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்தில்: நண்பனிடம் மீதமிருந்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது. ப்ரெப் தொடங்கும் முன் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். தொற்று ஏற்கெனவே இருந்தால் இந்த இரண்டு மருந்தும் அதை அடக்கப் போதாது. வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும், பிறகு சிகிச்சை சிக்கலாகும். அண்மையில் காய்ச்சல், தொண்டை வலி, உடலில் தடிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அது புதுத் தொற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்ப்போம். ஹெபடைடிஸ் பி டெஸ்ட்டும் அவசியம்: டெனோஃபோவிர் அந்த வைரஸையும் அடக்குவதால், திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி சீறி எழலாம். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. டெஸ்ட். முதல் சில வாரம் லேசான குமட்டல், தலைவலி இருக்கலாம், பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

வீட்டில் மாத்திரை டப்பாவை மறைக்க முடியாதவர்களுக்கு ஊசி நல்ல வழி. கபோடெக்ராவிர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2025-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லெனகாபவிர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் இதைப் போட்டுக்கொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. இவை எல்லா நாட்டிலும் இன்னும் எளிதாகக் கிடைப்பதில்லை.

மாத்திரையோ ஊசியோ, சிபிலிஸ், கொனோரியா போன்ற மற்ற பால்வினை நோய்களைத் தடுக்காது. அதற்கு ஆணுறைதான்.

தம்பதியில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்தால் மற்றவர் வாழ்நாள் முழுதும் ப்ரெப் எடுக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். தேவையில்லை. தொற்று உள்ளவர் சிகிச்சையைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகப் பரவாது. அந்த நிலைக்கு வரும்வரை, பொதுவாக முதல் ஆறு மாதம், மற்றவர் ப்ரெப் எடுப்பது நல்லது. ப்ரெப் எடுக்கும் பெண் இடையில் கர்ப்பம் தரித்தாலும் மாத்திரையைத் தொடரலாம், தாய்ப்பாலும் கொடுக்கலாம்.