கூருணர்வாக்கம்: ஒரு சொல் விளக்கம்

கால்நடை வளர்ப்போரின் மூச்சுத் தொல்லையைப் பற்றிய மருத்துவ எழுத்துகளில் 'அலர்ஜி', 'அலர்ஜன்', 'சென்சிடைசேஷன்' என்ற மூன்று சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. தமிழில் பலரும் மூன்றையும் 'ஒவ்வாமை' என்றே எழுதிவிடுவதால் மூன்றாவதன் பொருள் தொலைந்துபோகிறது.

'அலர்ஜி' என்பது 1906ஆம் ஆண்டு வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கிய சொல். கிரேக்கத்தில் 'அல்லோஸ்' என்றால் வேறு, 'எர்கோன்' என்றால் செயல். நமது 'ஒவ்வாமை' அதைவிடப் பழைய வேரில் முளைத்தது. 972ஆம் குறளின் 'சிறப்பொவ்வா' என்னும் தொடரில் 'ஒவ்வா' என்பது 'ஒத்திரா' என்ற பொருளில் நிற்கிறது. அதே ஒத்தலைத்தான் 'உடம்புக்கு ஒத்துக்காது' என்று அன்றாடம் பேசுகிறோம். 'அலர்ஜன்' என்பதற்கு 'ஒவ்வாமையூக்கி' போதும்.

'சென்சிடைசேஷன்' நோயன்று, நோய்க்கு முந்திய நிலை. மாட்டின் தோல் செதிளிலுள்ள புரதத்தை மூச்சுவழியே எதிர்கொள்ளும் உடல், சிலரிடத்தில், அதற்கெனவே 'இம்யூனோகுளோபுலின் ஈ' என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கி மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களின் மேல் பொருத்தி வைக்கிறது. அப்போது தும்மல்கூட வருவதில்லை. அதே புரதம் மீண்டும் வரும்போதுதான் அச்செல்கள் தும்மலும் அரிப்பும் தரும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகின்றன. ஒவ்வாமையூக்கியைத் துளியாகத் தோலில் வைத்து ஊசியால் லேசாகக் குத்திப் பார்க்கும் தோல் குத்துச் சோதனையில் தடிப்புக் கண்டும் தொல்லையே இல்லாதிருப்போர் உண்டு. இதற்கு 'உணர்திறனாக்கம்' என்று எழுதுவோரும் உண்டு. 'திறன்' என்று முடிவதால் கேட்பவருக்கு ஏதோ பேறு கிடைத்ததுபோல் தோன்றும். 'கூருணர்வாக்கம்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சாணை பிடித்த அரிவாள் இன்னும் எதையும் அறுக்கவில்லை, ஆனால் கூர் ஏறிவிட்டது.

கோத்தகிரிப் பக்கம் என் அத்தை மார்கழி உறைபனிக்கு அஞ்சிக் கொட்டகையின் சாளரத்தைச் சாக்கால் அடைத்து வைப்பார். விடியலில் அவர் பசுவைத் தேய்த்துவிடும்போது பலகை இடுக்கில் விழும் வெளிச்சத்தில் செதிள்தூசி மிதப்பதும், அது அவருடைய கம்பளிச் சட்டையில் படிவதும், அச்சட்டை பிறகு அடுப்படி ஆணியில் தொங்குவதும் கண்ணில் நிற்கின்றன. தும்மினால், "பனி ஒத்துக்கல கண்ணு" என்பார். குற்றம் முழுவதும் பனியின் மேல் போயிற்று. பசுவின் முதன்மை ஒவ்வாமையூக்கியான 'பாஸ் டி 2' அந்தச் செதிளிலும் முடியிலும்தான் இருக்கிறது. வைக்கோல் தூசியில் வாழும் மிக நுண்ணிய சேமிப்புக் கிடங்கு உண்ணிகளும் இதேபோல் ஊக்கிகளே. (பாலில் ஒவ்வாமை தருபவை பெரும்பாலும் கேசின் முதலிய வேறு புரதங்கள் என்பதால், கொட்டகையில் மூச்சுத் திணறுபவருக்குப் பால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.)

ஆகவே சோதனை முடிவைத் தமிழில் சொல்லும்போது 'பசுவின் புரதத்துக்குக் கூருணர்வு உண்டு' என்பதும் 'பசு ஒவ்வாமை உண்டு' என்பதும் வெவ்வேறு வாக்கியங்களாக இருக்க வேண்டும். முதலாவதைக் கேட்டு ஒருவர் கறவையை விற்றுவிட வேண்டியதில்லை. இரண்டாவதைச் சொல்வதற்குமுன், கொட்டகைக்குள் போனால் மூக்கும் நெஞ்சும் படுத்துகின்றனவா, நாலு நாள் வெளியூர் போனால் தணிகின்றனவா என்று கேட்டறிய வேண்டும்.