பழைய மனுவில் பெயரை மட்டும் மாற்றினால் போதுமா?

ஜீவனாம்ச மனுக்களில் இன்னமும் 'குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 125' என்று தலைப்புப் போட்டு வருவதைப் பார்க்கிறேன். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. எண் தவறியதால் மட்டும் மனு செத்துவிடாது, திருத்திக்கொள்ளலாம். ஆனால் கம்ப்யூட்டரில் கிடந்த பழைய மாதிரியில் பெயரையும் தேதியையும் மாற்றியிருக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

வக்கீல்களான நாம் தொடர்ந்து படிக்கிறோமா என்பதுதான் கேள்வி. சிங்கப்பூரில் வழக்கறிஞர்கள் தொழிலில் இருக்கும்வரை ஆண்டுதோறும் பயிற்சி பெறுவது கட்டாயம். இந்தியாவில் அப்படி ஒரு கட்டாயம் நடைமுறையில் இல்லை. விருப்பப்பட்டால் படிக்கலாம், அவ்வளவுதான். நடக்கிற வகுப்புகளிலும் சமீபத்திய தீர்ப்புகளை வாசித்துவிட்டுக் கலைந்துவிடுகிறோம். தீர்ப்பு தெரியத்தான் வேண்டும். பரஸ்பர சம்மத விவாகரத்தில் ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெரியாத வக்கீல், பல வருஷமாகப் பிரிந்து வாழும் தம்பதியை வீணாகக் காக்கவைப்பார். என் குறை வேறு. குடும்ப வழக்கில் பாதி வேலை கணக்கு வேலை. அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பையே எடுத்துக்கொள்வோம். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்படும். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். எதிர்த்தரப்பு தாக்கல் செய்த பத்திரத்தை வரிவரியாகப் படிப்பவர்கள் குறைவு.

ஒரு சம்பளச் சீட்டு வருகிறது. கைக்கு வரும் தொகை பரிதாபமாக இருக்கிறது. பிடித்தங்களைப் பாருங்கள்: வருமான வரியும் கட்டாய வருங்கால வைப்பு நிதியும் சரி. அதற்குக் கீழே விருப்ப வைப்பு நிதி, சொசைட்டி கடன், இன்சூரன்ஸ் பிரீமியம். இவை அவராகவே சேர்த்துக்கொண்டவை. விருப்ப நிதி, வழக்கு தொடங்கிய மாதத்திலிருந்து கூடியிருக்கிறதா? பழைய சீட்டு ஒன்று கையில் இருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். சொந்தத் தொழில் செய்பவர் என்றால் வருமான வரிக் கணக்கோடு நிற்காமல், கிரெடிட் கார்டு பில்லையும் வண்டிக் கடன் தவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் எழுத்துக் கேள்விகள் அனுப்பவும் ஆவணங்களை வரவழைக்கவும் நீதிமன்ற அனுமதி கேட்க அதே தீர்ப்பில் வழி இருக்கிறது. இதற்கு ஒரு ஆடிட்டரைக் கூப்பிட்டு ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். பத்துத் தீர்ப்பு படிப்பதைவிடப் பயன்.

அடுத்தது செல்போன். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்து வழக்குக் காகிதங்களோடு வைத்தால் சாட்சியம் ஆகிவிடும் என்று கட்சிக்காரர்கள் நம்புகிறார்கள், சில ஜூனியர்களும்தான். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமின் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று தாக்கல் செய்பவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. ஹேஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க அதிலிருந்து கணக்கிடும் குறியீட்டையும், குறிப்பிட வேண்டும். அதனால் முதல் சந்திப்பிலேயே 'போனை மாற்றாதீங்க, சாட்டை அழிக்காதீங்க' என்று சொல்லிவிட வேண்டும். போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்து நிற்பவருக்குச் சட்டப் பிரிவைச் சொல்லி என்ன பயன்?

குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற விஷயம் இன்னும் கடினம். விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே சொல்கிறது. ஆனால் அந்த விருப்பம் யார் சொல்லிக் கொடுத்தது என்று பிரித்துப் பார்க்க நமக்குப் பயிற்சி கிடையாது. பெரியவர்கள் பேசும் வார்த்தைகள் குழந்தையின் வாயில் வந்தால் கவனிக்க வேண்டும். 'அம்மா வேணுமா, அப்பா வேணுமா' என்று நம் அலுவலகத்தில் உட்காரவைத்துக் கேட்பதை முதலில் நிறுத்த வேண்டும். அப்புறம், குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவரிடம் போய் நாம் எதையெல்லாம் கேட்கவே கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டியல் நாம் நினைப்பதைவிட நீளமானது.