ஹெரிடேஜ் கட்டடம்: மும்பை மாநகராட்சி எதைச் செய்யும், எதைச் செய்யாது

மாட்டுங்கா, தாதர் பக்கம் பழைய கட்டடங்களில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு ஒரு நினைப்பு உண்டு. கட்டடம் ஹெரிடேஜ் பட்டியலில் ஏறிவிட்டால் ரிப்பேர் செலவை மாநகராட்சி ஏற்றுக்கொள்ளும் என்று. அப்படியெல்லாம் இல்லை. ஃப்ளோரா ஃபவுண்டன் மாதிரி தன் பொறுப்பில் இருப்பதற்குத்தான் அது செலவழிக்கும். தனியார் கட்டடத்துக்குப் பட்டியல் என்பது முதலில் அனுமதி வாங்கச் சொல்லும் விதி.

1995-இல் வந்த அந்த விதி, இப்போது 2034 வளர்ச்சித் திட்ட விதிகளில் 52-ஆவதாக இருக்கிறது. தனிக் கட்டடங்கள் மட்டுமல்ல, கோட்டாச்சிவாடி போல முழுப் பகுதிகளும் பட்டியலில் உண்டு. பட்டியலில் உள்ளவற்றை மூன்று கிரேடாகப் பிரித்திருக்கிறார்கள். கிரேடு 1 என்றால் உள்ளும் புறமும் கை வைக்கக் கூடாது, கட்டடத்தைப் பலப்படுத்தத் தேவையானது தவிர. கிரேடு 2-இல் (ஏ, பி என இரு பிரிவு) உள்ளே மாற்றிக்கொள்ள இடம் கொடுப்பார்கள். கிரேடு 3 இன்னும் தளர்வு.

ஆனால் எதற்கெல்லாம் அனுமதி வேண்டும் என்று பார்த்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். இடிப்பது, கூடுதலாகக் கட்டுவது சரி. பூச்சு வேலை, பெயிண்ட் அடிப்பது கூட விதியில் எழுதியிருக்கிறது. பால்கனியின் பழைய இரும்புக் கம்பியைக் கழற்றிவிட்டு அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் போட நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மனு மாநகராட்சி ஆணையருக்குப் போகும். அவர் ஹெரிடேஜ் பாதுகாப்புக் குழுவின் யோசனையைக் கேட்டு முடிவெடுப்பார். குழு சொன்னதை மீறினால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும்.

சரி, உரிமையாளருக்கு என்ன லாபம்? அனுமதி மறுத்ததால் தன் மனையில் கட்ட முடியாமல் போன பரப்புக்கு ஈடாக டிடிஆர் கிடைக்கும். அதாவது அந்தப் பரப்பை வேறிடத்தில் கட்டிக்கொள்ளும் உரிமை. பில்டரிடம் விற்றுக் காசாக்கலாம். கட்டடத்தைப் பழையபடியே பராமரிக்க ஒப்புக்கொண்டால், குடியிருப்புப் பகுதியை அலுவலகமாகவோ ஹோட்டலாகவோ மாற்றவும் குழு சம்மதத்தோடு வழி உண்டு.

இரண்டுமே உரிமையாளருக்கு. பகடியில் (முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகைக்கு இருக்கும் பழைய முறை) தலைமுறையாக இருப்பவர் கைக்கு நேரடியாக எதுவும் வராது, ஒழுகும் கூரை மட்டும் அவருடையது. இந்த விதியில் பெரிய ஓட்டை இதுதான் என்பேன். 2012-இல் சிவாஜி பார்க் உள்ளிட்ட இடங்களைச் சேர்த்துப் புதிய பட்டியல் முன்வைத்தபோது குடியிருப்பவர்களே எதிர்த்ததில் ஆச்சரியமில்லை. ‘மறுகட்டுமானம் நின்றுவிடும்’ என்ற பயம்.

1969 செப்டம்பருக்கு முன் கட்டப்பட்டு செஸ் (ரிப்பேருக்கான வரி) கட்டிவரும் கட்டடமானால், ரிப்பேருக்கு மாநில வீட்டுவசதி அமைப்பான மாடாவின் ரிப்பேர் போர்டைக் கேட்கலாம். அது வேறு ஏற்பாடு, ஹெரிடேஜ் அந்தஸ்தால் வருவதில்லை. எலிஃபண்டா குகைகள் போன்றவை மத்தியத் தொல்லியல் துறையிடம். அவற்றுக்குச் சட்டமே தனி.

பழைய கட்டடத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள், ‘ஹெரிடேஜ்தான் சார்’ என்று புரோக்கர் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். எந்த கிரேடு, தனிக் கட்டடமாகப் பட்டியலில் உள்ளதா அல்லது பகுதியின் அங்கமாகவா என்று மாநகராட்சிப் பட்டியலில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.